கடலூர் கோர்ட்டில் ஜூனியர் வக்கீல், கட்சியில் பொறுப்பு தருகிறார்கள். இந்த வழியில் போனவர்கள் எப்படிப் போனார்கள்?

மஞ்சக்குப்பம் ஜூனியர்:

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் கோர்ட்டில் பிராக்டீஸ் செய்கிறேன். இன்னும் சீனியர் ஆபீஸில்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் சொந்தமாகவும் கொஞ்சம் கேஸ் வருகிறது. விபத்து நஷ்டஈடு, பாகப்பிரிவினை, செக் கேஸ், அப்புறம் நெய்வேலி பக்கம் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களின் கூடுதல் இழப்பீட்டு வழக்குகள். ஊர் பண்ருட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா முந்திரியும் பலாவும் வைத்திருக்கிறார். குடும்பத்தில் யாரும் அரசியலில் இருந்ததில்லை.

நிலப் பிரச்சினைக்காக ஆர்ப்பாட்டம் செய்து கைதானவர்களை வெளியே கொண்டுவர அலைந்ததைப் பார்த்து, ஒரு மாநிலக் கட்சியில் மாவட்ட வழக்கறிஞர் அணியில் துணை அமைப்பாளர் பொறுப்பு தருகிறோம் என்கிறார்கள். கட்சிப் பெயர் வேண்டாம், பேச்சு வேறு பக்கம் போய்விடும். எனக்கு ஆசை இருக்கிறது. ஒருநாள் சட்டமன்றத்தில் நின்று எங்கள் பகுதி நிலப் பிரச்சினையைப் பேச வேண்டும் என்று காலேஜ் நாளிலிருந்தே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் புதுச்சேரியைப் பார்த்தால் ரங்கசாமியும் வக்கீல், நாராயணசாமியும் வக்கீல், ரெண்டு பேரும் முதல்வர் ஆனவர்கள். அவர்கள் போன பாதை என்னைப் போன்ற ஆளுக்குப் பொருந்துமா? வழக்கறிஞர் அணி எங்காவது கொண்டுபோய்ச் சேர்க்குமா, இல்லை கட்சிக்காரர்கள் கேஸை ஓசியில் நடத்துவதோடு நின்றுவிடுமா? பிராக்டீஸ் என்ன ஆகும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தட்டாஞ்சாவடிக்காரன்:

தம்பி, ரங்கசாமி பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன், எங்கள் தொகுதி அவர் தொகுதி. அவர் பி.காம். முடித்து, இங்கே அம்பேத்கர் சட்டக் கல்லூரியில் படித்து வக்கீலானவர். 1990-ல் தட்டாஞ்சாவடியில் காங்கிரஸில் நின்று தோற்றார். ஒரே வருஷத்தில் சட்டசபை கலைந்துபோய் 1991-ல் மறுபடி தேர்தல் வந்தது, அதே தொகுதியில் நின்று ஜெயித்தார். நடுவில் வேறு தொகுதி தேடிப் போகவில்லை என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அமைச்சர். 2001-ல் சண்முகம் ஐயா எம்.எல்.ஏ. ஆக முடியாமல் முதல்வர் பதவியை விட்டபோது அந்த இடத்துக்கு இவர் வந்தார், அக்டோபர் மாதம். 2006-ல் மறுபடியும் முதல்வர். 2008-ல் சொந்தக் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பி இறக்கிவிட்டார்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் உங்களுக்கு முக்கியம். 2011 பிப்ரவரியில் தனிக் கட்சி ஆரம்பித்தார், ஏப்ரலில் தேர்தல். கட்சிக்கு ரெண்டு மாத வயசு. 17 இடத்தில் நின்று 15-ல் ஜெயித்தது, அவரே கதிர்காமம், இந்திரா நகர் என்று ரெண்டு தொகுதியிலும் ஜெயித்தார். ரெண்டு மாதத்தில் எந்தக் கட்சியும் பூத் கமிட்டி கட்ட முடியாது. இருபது வருஷமாக வீட்டு வாசலில் கூட்டம், யார் வேண்டுமானாலும் மனுவோடு போகலாம், பைக்கில் தெருவில் வருவார், பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையில் பால், தொழிற்கல்விக்குக் கட்டண உதவி என்று சேர்ந்த பெயர்தான் அந்த 15. கட்சி அதற்கு மேல் போட்ட பெயர்ப் பலகை, அவ்வளவுதான். அவரைப் பிடிக்காதவர்களும் இங்கே நிறைய இருக்கிறார்கள், நிர்வாகம் பற்றிக் கேள்வி கேட்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஆளைப் பார்க்க முடியவில்லை என்று யாரும் சொன்னதில்லை.

2016-ல் 8 இடம்தான், ஆட்சி போனது. 2021-ல் 10 இடத்தோடு கூட்டணி வைத்துத் திரும்ப வந்தார். அந்தத் தேர்தலில் ஏனாமிலும் நின்றார், அங்கே தோற்றார், தட்டாஞ்சாவடி காப்பாற்றியது. முதல்வராக இருந்தவரே தன் தெருவை விட்டு வெளியே போனால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

நாராயணசாமி பாதை வேறு. அவரும் சட்டம் படித்தவர்தான், ஆனால் 1985-லேயே மாநிலங்களவைக்குப் போய்விட்டார். டெல்லி, கட்சி மேலிடம், 2009-ல் புதுச்சேரி மக்களவைத் தொகுதி, பிரதமர் அலுவலக இணை அமைச்சர். 2016-ல் எம்.எல்.ஏ. ஆகாமலேயே முதல்வராகி, அதே வருஷம் நவம்பரில் நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில் ஜெயித்தார். 2021 பிப்ரவரியில் எம்.எல்.ஏ.க்கள் ஒவ்வொருவராக விலகிப்போய் ஆட்சி கவிழ்ந்தது. அவர் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. மேலிடம் கொடுத்த பலம் மேலிடம் பலமாக இருக்கும்வரைதான்.

பண்ருட்டி வக்கீல்:

தட்டாஞ்சாவடி நண்பர் சொன்னதில் தப்பில்லை, ஆனால் அதை அப்படியே கடலூருக்குக் கொண்டுவரக் கூடாது. கணக்கைப் பாருங்கள். 2021 தேர்தலில் புதுச்சேரியில் 30 தொகுதிக்கு மொத்தம் சுமார் 10 லட்சம் வாக்காளர்கள், தொகுதிக்கு 33 ஆயிரம் பேர். தமிழ்நாட்டில் அப்போது சராசரி இரண்டரை லட்சத்துக்கு மேல். அங்கே தொகுதியை நடந்தே முடித்துவிடலாம், ஒவ்வொரு வீட்டுக் கல்யாணத்துக்கும் போகலாம். இங்கே ஒரு ஒன்றியத்தைச் சுற்றவே வண்டியும் ஆளும் வேண்டும். தேர்தல் செலவு உச்சவரம்பே இங்கே 40 லட்சம், அங்கே 28 லட்சம். உண்மையில் என்ன செலவாகிறது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை எழுதத் தேவையில்லை.

இன்னொன்று, புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-க்குப் பிறகு 2006-ல்தான் நடந்தது, அதற்கப்புறம் நடக்கவே இல்லை. அதனால் அங்கே கவுன்சிலர் வேலையையும் எம்.எல்.ஏ.தான் பார்க்கிறார். சாக்கடை அடைப்புக்கும் அவரிடம்தான் போக வேண்டும். இங்கே அப்படியில்லை. கடலூர் மாநகராட்சியில் 45 வார்டு, அதற்கு வெளியே ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று படிகள் இருக்கின்றன. ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. உள்ளாட்சித் தேர்தல் எப்போது வந்தாலும் அதுதான் உங்கள் முதல் கதவு. வழக்கறிஞர் அணியை ஏணி என்று நினைத்துவிடாதீர்கள், அது கட்சியின் சர்வீஸ் பிரிவு.

பிராக்டீஸ் பற்றிக் கேட்டீர்கள். சட்டப்படி எம்.எல்.ஏ., எம்.பி. ஆனாலும் வழக்காடலாம், 2018 செப்டம்பர் 25-ம் தேதி உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. முழுநேரச் சம்பள வேலைக்குத்தான் பார் கவுன்சில் விதி 49 தடை, சட்டமன்ற உறுப்பினர் அரசாங்கத்தின் ஊழியர் இல்லை என்பது காரணம். அதே நாளில் வந்த இன்னொரு தீர்ப்பையும் படித்து வையுங்கள்: நிலுவையில் இருக்கும் குற்ற வழக்குகளை வேட்பாளர் பத்திரிகையிலும் டிவியிலும் விளம்பரப்படுத்த வேண்டும் என்கிறது. ஆர்ப்பாட்டத்தில் கைதானவர்களுக்கு ஜாமீன் எடுப்பது உங்கள் வேலை. கூட நின்று எஃப்.ஐ.ஆரில் ஏழாவது எதிரியாகச் சேர்வது வேறு விஷயம். கொள்கைக்காக அதை ஏற்பவர்களை நான் மதிக்கிறேன், ஆனால் தெரிந்தே ஏற்க வேண்டும்.

அப்புறம் விதி 36. உங்கள் போர்டிலோ லெட்டர் பேடிலோ நீங்கள் எந்த அமைப்பின் பொறுப்பாளர் என்று போடக் கூடாது. கட்சிக்காரர்கள் முதல் வாரமே உங்கள் படத்தோடு 'வழக்கறிஞர், துணை அமைப்பாளர்' என்று ஃபிளெக்ஸ் அடிப்பார்கள். யாராவது பார் கவுன்சிலுக்கு எழுதிப் போட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். கோட், கழுத்துப்பட்டையோடு படம் தராதீர்கள்.

கட்சி ஆட்சிக்கு வந்தால் அரசு வக்கீல் பதவி வாங்கித் தருகிறோம் என்பார்கள். பி.பி., அதாவது குற்ற வழக்குகளை நடத்தும் அரசு வக்கீல் ஆக ஏழு வருஷ பிராக்டீஸ் வேண்டும், முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 24-வது பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 18-வது பிரிவு. கலெக்டர், செஷன்ஸ் நீதிபதியோடு கலந்து பட்டியல் தயாரிக்கிறார். சட்டத்தில் இருப்பது அது. ஆட்சி மாறினால் ஆளும் மாறுவார், அது நடைமுறை. அந்தப் பதவிக்காகக் காத்திருந்தே நாற்பது வயசைத் தாண்டியவர்கள் எல்லா ஊர் கோர்ட்டிலும் இருக்கிறார்கள்.

குறிஞ்சிப்பாடி பாக முகவர்:

நான் வக்கீல் இல்லை, பூத் வேலை பார்க்கிற பெண். வக்கீல்கள் அணியை சர்வீஸ் பிரிவு என்று அண்ணன் சொன்னது எனக்கு முழுசாக ஒத்துப்போகவில்லை. அந்த வேலையைச் செய்கிற விதத்தில் செய்தால் அதற்கு இருக்கிற மரியாதையே வேறு.

2016-ல் காட்டுமன்னார்கோவிலில் திருமாவளவன் 87 ஓட்டில் தோற்றார். எண்பத்தேழு. அதே தேர்தலில் ராதாபுரத்தில் அப்பாவு 49 ஓட்டில் தோற்று ஐகோர்ட்டுக்குப் போனார், தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்ட தபால் ஓட்டு செல்லுமா செல்லாதா என்பதுதான் அங்கே சண்டை. 2019 அக்டோபரில் மறுஎண்ணிக்கைக்கு உத்தரவானது, முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது, அதற்குள் 2021 தேர்தலே வந்துவிட்டது. தபால் ஓட்டு மேஜையில் விதி தெரிந்த ஒரு வக்கீல் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு வித்தியாசம் என்று அன்றைக்குத்தான் எங்கள் கட்சிக்காரர்களுக்கே புரிந்தது.

17சி படிவம் என்று ஒன்று இருக்கிறது, ஓட்டுப்பதிவு முடிந்ததும் எத்தனை ஓட்டு பதிவானது என்று அதிகாரி எழுதி ஏஜெண்டுக்கு நகல் தர வேண்டும். நிறைய ஏஜெண்ட் அதை வாங்காமல் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். எங்கள் பகுதியில் ஒரு வக்கீல் தம்பி ஒவ்வொரு ஊராகப் போய், மரத்தடியில் உட்கார வைத்து, 17சி என்றால் என்ன, 7-ம் படிவத்தில் யாராவது உங்கள் பெயரை நீக்கச் சொல்லி எழுதிப் போட்டால் என்ன செய்யணும், இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தார். அந்தத் தம்பியை மேடையில் யாரும் ஏற்றவில்லைதான். ஆனால் அவர் பெயர் தெரியாத கிளைச் செயலாளர் இன்றைக்கு எங்கள் ஒன்றியத்தில் இல்லை. வேட்பாளர் நேர்காணலில் ஒன்றியச் செயலாளர்களைக் கேட்கும்போது வாயில் வருகிற பெயர் எது என்பதுதான் விஷயம்.

மாவட்டத் தலைநகரில் உட்கார்ந்துகொண்டு தலைவர்கள் வரும்போது சால்வை போடுகிற அணியாக இருந்தால் அண்ணன் சொன்னது சரி, எங்கேயும் போகாது.

மஞ்சக்குப்பம் ஜூனியர்:

மூன்று பேருக்கும் நன்றி. பண்ருட்டி சார், விதி 36 விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. 17சி பற்றிச் சொன்ன அக்காவுக்கும் நன்றி, இது நான் உடனே செய்யக்கூடிய வேலை.

ரெண்டு கேள்வி பாக்கி. ஒன்று, பணம். ஜூனியர்களுக்கு சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20 ஆயிரம், மற்ற ஊர்களில் 15 ஆயிரம் தரணும் என்று 2024-ல் ஐகோர்ட் சொன்னது, எங்கள் பக்கம் அது எந்த அளவுக்கு நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். இந்த நிலைமையில் கட்சி கேஸையும் சும்மா நடத்தினால் வீட்டுக்கு என்ன கொண்டுபோவது? இன்னொன்று, சொல்லத் தயக்கமாக இருக்கிறது, எங்கள் சமூகம் எங்கள் தொகுதியில் எண்ணிக்கையில் ரொம்பக் குறைவு. அது தெரிந்தே இதில் இறங்கலாமா?

பண்ருட்டி வக்கீல்:

பணம் பற்றி முதலில். போராட்ட வழக்கு, பேச்சு வழக்கு, போஸ்டர் வழக்கு, இதெல்லாம் கட்சி வேலை, ஃபீஸ் கேட்காதீர்கள். ஒன்றியச் செயலாளரின் மைத்துனருக்குச் சொத்து வழக்கு என்றால் அது கட்சி வேலை இல்லை, வக்காலத்தில் கையெழுத்து வாங்கும்போதே ஃபீஸ் பேசிவிடுங்கள். முதல் தடவை சங்கடமாக இருக்கும். அந்த ஒரு தடவை பேசாமல் விட்டால் அப்புறம் எப்போதும் பேச முடியாது. குமாஸ்தாவுக்கும் கோர்ட் ஃபீஸுக்கும் ஆகிற கைச்செலவை எந்த வழக்காக இருந்தாலும் வாங்கிவிடுங்கள். விபத்து நஷ்டஈடு, நில இழப்பீடு ரெண்டும்தான் நம் மாவட்டத்தில் வக்கீல் குடும்பத்தை நிறுத்துகிற வழக்குகள், அவற்றின் வாய்தா தேதியில் கட்சிக் கூட்டம் வந்தால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். நிலம் இழந்தவன் உங்களை நம்பி வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறான், நீங்கள் சட்டமன்றத்தில் பேசப்போவதே அவனுக்காகத்தானே. சம்பாத்தியம் தனியாக இருக்கிறவன்தான் கட்சிக்குள்ளே ஒரு விஷயம் தப்பு என்றால் வாயைத் திறந்து சொல்ல முடியும். சீட்டு கிடைக்காத வருஷத்திலும் மறுநாள் காலை கவுன் போட்டுக்கொண்டு போக ஓர் இடம் இருக்க வேண்டும். அரசியல்வாதிக்கு இதைவிடப் பெரிய சுதந்திரம் கிடையாது.

வழக்கே பெயர் வாங்கித் தந்த கதையும் உண்டு. நெடுஞ்சாலை ஓரத்து மதுக்கடைகளை மூட வேண்டும் என்று வழக்கு நடத்திய பா.ம.க. வழக்கறிஞர் பாலுவின் பெயரில்தான் 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது, 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று. நாடு முழுக்கப் பேசப்பட்ட தீர்ப்பு. கட்சியில் அவர் இடம் அந்த உழைப்பில் வந்தது. நில எடுப்பில் உங்களுக்கு அப்படி ஒரு வழக்கு இருக்கலாம், உங்கள் கட்டுகளைத் திரும்பப் பாருங்கள்.

சமூகம் பற்றிக் கேட்டதைத் தயங்காமல் கேட்டதற்குச் சந்தோஷம். பூசி மெழுகாமல் சொல்கிறேன், நம் மாவட்டத்தில் அந்தக் கணக்கு எப்போதும் இருந்திருக்கிறது. மஞ்சக்குப்பத்தில் மணிமண்டபம் இருக்கிறதே, ராமசாமி படையாட்சியார், அவருடைய உழைப்பாளர் கட்சி 1952-ல் 19 இடம் ஜெயித்தது. தென்னாற்காட்டில் ஒரு சமூகத்தின் பலம் மாநில அரசியலையே திருப்பியது, 1954-ல் அவர் காமராஜர் அமைச்சரவையில் சேர்ந்தார், கட்சி காங்கிரஸோடு கரைந்தது. எண்ணிக்கை சீட்டு வாங்கித் தரும் என்பதும், அதை வைத்து மட்டும் ஒரு கட்சியை நீண்ட நாள் நிறுத்த முடியாது என்பதும் அந்த ஒரே வரலாற்றில் இருக்கிறது. உங்கள் சமூகம் சிறியது என்றால் சட்டமன்றப் பொதுத்தொகுதி சீட்டு தாமதமாகும், அதை மறைத்துப் பேசுவது உங்களுக்கு நான் செய்கிற துரோகம். ஆனால் ஊராட்சியிலும் ஒன்றிய வார்டிலும் ஓட்டு சில ஆயிரம்தான், அங்கே யார் வீட்டுப் பட்டாவை யார் வாங்கிக் கொடுத்தார் என்பது ஜெயிக்கும்.

தட்டாஞ்சாவடிக்காரன்:

பண்ருட்டி சார் சொல்கிற கணக்கு சரிதான், ஆனால் தம்பி, சீட்டு கிடைக்காவிட்டால் என்ன என்பதையும் இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். அப்பாவிடம், கல்யாணம் ஆகியிருந்தால் மனைவியிடம். இதில் பத்து வருஷம் ஓடிவிடும். ரங்கசாமிக்குத் தோற்ற மறுவருஷமே தேர்தல் வந்தது, எல்லோருக்கும் அப்படி வராது.

இன்னொரு விஷயம், கட்சி மாறுவது. எம்.எல்.ஏ. ஆனபிறகு நினைத்தபடி தாவ முடியாது. 1985-ல் வந்தது கட்சித் தாவல் தடைச் சட்டம், 2003 திருத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு பேர் பிரிந்தால் தப்பிக்கலாம் என்றிருந்த வழியையும் எடுத்துவிட்டார்கள். ரங்கசாமி புதுக் கட்சி ஆரம்பித்தது தேர்தல் நெருங்கிய நேரத்தில். வக்கீல் நீங்கள், உங்களுக்குத் தெரியாததில்லை, ஆனால் முதல் கட்சியைத் தேர்ந்தெடுக்கும்போதே யோசித்துத் தேர்ந்தெடுங்கள். பொறுப்பு தருகிறார்கள் என்பதற்காகப் போகாதீர்கள். நில எடுப்பு பற்றி அந்தக் கட்சி சட்டமன்றத்தில் என்ன பேசியிருக்கிறது என்று அவைக்குறிப்பை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

குறிஞ்சிப்பாடி பாக முகவர்:

சமூகம் பற்றி நானும் ஒன்று சொல்கிறேன். பெண் என்பதால் எனக்கும் இதே பேச்சுதான், 'உங்களுக்கெல்லாம் எங்கே சீட்டு' என்று. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்தபிறகு அந்த வாய்கள் கொஞ்சம் மூடின. பல இடத்தில் கணவர்தான் கூட்டத்தில் உட்கார்கிறார், அது வேறு வேதனை. அதனால் உங்கள் ஊராட்சி அடுத்த தேர்தலில் பொதுவா, பெண்களுக்கா, பட்டியல் சமூகத்துக்கான தனி இடமா என்று வார்டு ஒதுக்கீட்டுப் பட்டியல் வரும்போது முதல் ஆளாகப் பார்த்துவிடுங்கள். அதைப் பார்க்காமல் ரெண்டு வருஷம் ஒரு வார்டில் வேலை செய்து, கடைசியில் நிற்கவே முடியாமல் போனவர்கள் இருக்கிறார்கள்.

பொறுப்பை ஏற்றுக்கொண்டால் உங்கள் ஊர் பாகத்தின் வாக்காளர் பட்டியலை வாங்கி, செத்துப்போனவர்கள், கல்யாணமாகி வெளியூர் போனவர்கள், பதினெட்டு வயசு முடிந்தும் சேராத பிள்ளைகள் என்று வீடு வீடாகப் போய்க் குறியுங்கள். பிள்ளைகளுக்கு 6-ம் படிவம் நீங்களே எழுதிக் கொடுங்கள். எந்தக் கட்சி வீடு என்று பார்க்காதீர்கள். கேஸ் பேசாதீர்கள், ஓட்டும் கேட்காதீர்கள். போகும்போது அப்பாவையும் கூட்டிப் போங்கள், முந்திரிக்காரர் மகன் என்றால்தான் ஊரில் கதவு திறக்கும்.